தையற்காரியின் சந்தேகங்கள்

ஜனவரி 6

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீயும் குழந்தைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைத் தையலைப் பிரித்தாகிவிட்டதா என்று தெரிவி.

முதலில் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. எனக்கு விமானம் என்றால் பயம் என்று உன் அம்மா கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்காதவர்களிடமும் சொல்கிறாள். எனக்குப் பயம் கிடையாது. பல வருடங்களுக்கு முன் நானும் உன் பெரியப்பாவும் விமான நிலையம் வரை போய்த் திரும்பி வந்தது உண்மை. அன்று அவருக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு இருப்பவரைப் பறக்க வைப்பது முறையல்ல என்று திரும்பினோம். அவ்வளவுதான்.

இரண்டாவது, நீ குழந்தைகளோடு மாப்பிள்ளையிடம் போவதற்குத் துணை வர நான் மறுத்துவிட்டேன் என்று ஒரு பேச்சு. மறுப்பதற்கு முதலில் யாராவது கேட்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் உன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "உன்னால முடியாதுன்னு தெரியும்க்கா, சும்மா சொல்லி வெச்சேன்" என்றாள். அது கேள்வி அல்ல. அதற்குப் பதிலும் கிடையாது. நான் பாலை இறக்கப் போய்விட்டேன்.

முக்கியமான கோரிக்கை என்றால் எழுத்தில் வைக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், யோசிக்க நேரம் தர வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

குழந்தைகளுக்கு என் அன்பு.

உன் பெரியம்மா

•

ஜனவரி 15

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா ஊன்றுகோலோடு சமையலறை வரை வருகிறாள். வந்து எனக்கு உத்தரவு போட்டுவிட்டுத் திரும்புகிறாள். உங்கள் கண் எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்னபடியே எழுத்தில் கேட்கிறேன். ஏப்ரலில் என்னோடு விமானத்தில் வருவீர்களா?

காரணம் இதுதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில்தான் வர வேண்டும். ஒரு மடிக்கு ஒரு குழந்தைதான் என்று விமானக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இருப்பது ஒரு மடி. குழந்தைகள் இரண்டு. அம்மா வருவதாக இருந்தது. இப்போது அவளால் ஒரு பூனையைக்கூடத் தூக்க முடியாது.

ஜூனில் மூத்தவனுக்கு, எங்கள் இன்ஸ்பெக்டருக்கு, இரண்டு வயதாகும், தனி இருக்கை கிடைக்கும், அதுவரை பொறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் வேலைக்குப் போன பிறகுதான் சின்னவள் பிறந்தாள். அவர் அவளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. நேற்று அவள் முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அதைத் தொலைபேசியில் சொன்னபோது, போனை அவள் வாயருகே வைக்கச் சொன்னார். அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.

யோசிக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

•

பிப்ரவரி 19

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். கண்ணுக்குக் குறை இல்லை. குழந்தைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

பதில் தாமதமானதற்கு இடது முழங்கை வலி காரணம். அக்கா வலது கையால்தானே எழுதுகிறாள் என்று உன் அம்மா கேட்பாள். கேட்கட்டும்.

உன் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. இதற்கிடையில், பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சில சந்தேகங்கள். அவள் கேட்டதால் எழுதுகிறேன்.

விமானம் கிளம்பும்போது வயிற்றைப் புரட்டுமா? அந்த நேரத்தில் குழந்தையை எப்படிப் பிடித்துக்கொள்வது? பிடித்திருக்கிற கை மரத்துப்போனால் என்ன செய்வது? நடுவானில் கதவைத் தவறுதலாக யாராவது திறந்துவிட முடியுமா? சிறகு ஆடும் என்கிறார்களே, எவ்வளவு ஆடும்?

அவள் அதிகம் படித்தவளல்ல. ஆகவே விளக்கமாக எழுது.

ஒன்றேமுக்கால் வயதுப் பிள்ளையை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்புடன்,
பெரியம்மா

•

பிப்ரவரி 26

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எல்லாரும் நலம். சளி இல்லை. உங்கள் முழங்கை தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் வைக்கவில்லை, அவனே சம்பாதித்தது. வீட்டில் மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் விட மாட்டான். டப்பா, இழுப்பறை, அம்மாவின் மருந்துப் பெட்டி, விருந்தாளியின் கைப்பை. சோதனை முடிந்தால்தான் தூக்கம்.

தையற்காரி அக்காவிடம் சொல்லுங்கள். கிளம்பும்போது வயிற்றுக்குள் லேசாக ஒரு கூச்சம், ஊஞ்சலில் வருகிற மாதிரி. உங்கள் பெல்ட்டோடு கோக்க ஒரு சின்ன வளைய பெல்ட் தருவார்கள். குழந்தை அதற்குள் இருக்கும். காது அடைக்காமல் இருக்க ஏறும்போதும் இறங்கும்போதும் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். மேலே போன பிறகு கதவை எத்தனை பயில்வான் வந்தாலும் திறக்க முடியாது. சிறகு ஆடத்தான் செய்யும். ஆடுகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கை மரத்துப்போவது பற்றி எனக்குத் தெரியவில்லை. விசாரித்து எழுதுகிறேன்.

ஒரு விஷயம் நானாகச் சொல்ல வேண்டும். நாம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார முடியாது. வரிசையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குழந்தைக்குத்தான் கூடுதல் மூச்சுக்கவசம் இருக்குமாம். நடுவில் நடைபாதை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள்.

என் சிநேகிதி ஒரு யோசனை சொன்னாள். காதுக்குப் பஞ்சும் இரண்டு மிட்டாயும் ஒரு பொட்டலமாகக் கட்டி, 'நாங்கள் அழுதால் மன்னியுங்கள்' என்று குழந்தைகள் எழுதுவதுபோல எழுதி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் இப்போது நாகரிகமாம். செய்யட்டுமா?

அன்புடன்,
உங்கள் மகள்

•

மார்ச் 9

அன்புள்ள மகளுக்கு,

நலமே. இங்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே எப்படி?

வருகிறேன். டிக்கெட் எடு.

பொட்டலம் கட்டாதே. இன்னும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. எழுதத் தெரியாத பிள்ளைகள் எழுதியதாகச் சொல்வது பொய். குழந்தை அழுவது குற்றமும் இல்லை. யாராவது முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

தையற்காரிக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், இந்தப் பக்கத்திலிருந்து கை எட்டுமா? குழந்தைக்குப் பால் புட்டி மாதிரி எதையாவது கொடுப்பதற்காகக் கேட்கிறாள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். திறப்பதில்தான் பையனுக்கு ஆர்வம் என்றால் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். ஒரு தடித்த துணியில் தையற்காரியை வைத்து ஜிப், ஹூக், பிரஸ் பட்டன், காஜா போட்ட பெரிய பொத்தான், இழுத்துக் கட்டும் நாடா எல்லாம் தைக்கச் செய்திருக்கிறேன். நடுவில் இருக்கிற இரும்பு பக்கிள் ஒரு பழைய பயணப்பையிலிருந்து எடுத்தது. மூடியைத் தூக்கினால் திறக்கும். அது கொஞ்சம் கஷ்டம். அதை அவன் கற்றுக்கொள்ள வேண்டும். கிளம்பும் நாள் வரை தினமும் பயிற்சி கொடு. எதையும் அரைகுறையாகக் கற்பது எனக்குப் பிடிக்காது.

அன்புடன்,
பெரியம்மா

•

(பார்சலுக்குள், துணியின் மடிப்பில் இருந்த சீட்டு)

வணக்கம் தங்கச்சி. நல்லா இருக்கீங்களா. நான் பக்கத்து வீட்டுத் தையற்காரி.

உங்க பெரியம்மா என் பேரைச் சொல்லி எழுதற கேள்வி ஒண்ணுகூட நான் கேட்டதில்லை. நான் எங்கயும் போகலை. ஆனா உங்க பதிலையெல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டி, "இப்ப தைரியம் வந்துச்சா உனக்கு?"ன்னு கேக்கறாங்க. நானும் வந்துடுச்சும்மான்னு சொல்றேன். அதனால பதிலைக் கொஞ்சம் தெளிவா எழுதுங்க.

இன்னொண்ணு. ஒரு மாசமா சாயங்காலம் ஆனா நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து, மடியில பத்து கிலோ மாவு மூட்டையை வெச்சுக்கிட்டு இருக்காங்க. சுத்திக் கட்ட என்கிட்ட ஒரு நாடா வாங்கிட்டுப் போனாங்க. கைவலி அதுலதான். "நேரா உக்காரு"ன்னு மூட்டையை அதட்டறது எங்க வீட்டுக்குக் கேக்குது.

நான் சொன்னதாச் சொல்லாதீங்க.

•

மார்ச் 21

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எல்லாரும் நலம். இங்கேயும் வெயில்தான். நீங்கள் வருவதாக எழுதிய கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "கையெழுத்து அவளோடதுதானா?" என்றாள்.

துணி வந்ததிலிருந்து வீட்டில் அமைதி. ஜிப்பும் பொத்தானும் அவனுக்குக் கைவந்துவிட்டன. பக்கிள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறான். தினமும் பயிற்சி நடக்கிறது.

தையற்காரி அக்காவின் சந்தேகத்துக்காக இரண்டு சமையலறை நாற்காலிகளை நடைபாதை இடைவெளி விட்டுப் போட்டு, நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். கை எட்டும். என் கையே அந்தப் பக்கம் வரை வரும். அவர் நீட்ட வேண்டியதுகூட இல்லை என்று சொல்லுங்கள்.

எனக்குத்தான் இப்போது கவலை. இன்ஸ்பெக்டர் என்னைத் தவிர யாரிடமும் போவதில்லை. கூடவே இருக்கிற என் அம்மாவிடமே அவனுக்கு மூடு இருந்தால்தான். உங்களை அவன் பார்த்ததுகூட இல்லை. விமானத்தில் உங்கள் மடியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தால் நம்மை இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இது என் சந்தேகம், தையற்காரியுடையது அல்ல.

அன்புடன்,
உங்கள் மகள்

•

மார்ச் 29

அன்புள்ள மகளுக்கு,

சுகம். முழங்கை முழுதும் தேறிவிட்டது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே வந்துவிடுகிறேன். நான் வந்ததும் "பாட்டிகிட்ட போ, பாட்டிக்கு முத்தம் குடு" என்று யாரும் அவனைத் தள்ளக் கூடாது. உன் அம்மாவிடமும் சொல்லிவை. அவனுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர் மடியில் நானும் போய் உட்கார மாட்டேன். அவன் வருகிறபோது வரட்டும்.

தையற்காரி புதிதாக ஒன்று கேட்டாள். ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கிவிட வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வது என்று. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். மடியில் ஒரு குழந்தை இருக்கும்போது அப்படித் தோன்ற நேரம் இருக்காது என்று நானே சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவுக்கு அன்று காய்ச்சல் என்று முன்பு எழுதியிருந்தேன். நாங்கள் அளந்து பார்க்கவில்லை.

அன்புடன்,
பெரியம்மா

•

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எல்லாரும் நலம். கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. நீ எல்லாரிடமும் சொன்ன விஷயத்தை இப்போது எல்லாரிடமும் திருத்திச் சொல்லிவிடு.

அக்கா

•

மே 4

அன்புள்ள தையற்காரி அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஐந்து பேரும் நலம். ஐந்து பேர் என்று எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் சந்தேகங்களுக்கெல்லாம் இப்போது கண்ணால் கண்ட பதில் என்னிடம் இருக்கிறது. பெரியம்மா எழுத மாட்டார்கள், ஆகவே நான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு துணியை விரித்து, தன் பாட்டுக்கு ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கதவு மறைவிலிருந்து பார்த்தான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து பார்த்தான். சாயங்காலம் அவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நாள் கழித்து, மடியிலிருந்து இறக்கினால் கத்தினான். அம்மாவுக்கு ஒரே பொறாமை. "நான் வருஷக்கணக்கா கொஞ்சறேன், இவ திரும்பியே பாக்காம ஜெயிச்சுட்டா" என்றாள்.

விமான நிலையத்தில் ஒரு பெண், "பாட்டிம்மாவுக்கு வீல்சேர் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். "இந்த ரெண்டு பேருக்கே சொல்லல, எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்கள். விமானத்தின் வாசற்படியில் காலை வைக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றார்கள். பையன் அவர்கள் இடுப்பில் இருந்தான். மூச்சை இழுத்துவிட்டு ஏறிவிட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பல் டாக்டர். பெரியம்மா உட்கார்ந்ததுமே அவரிடம், "இவன் அழுவான். நீங்களும் அழுதுதான் வளர்ந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர், "ஆமாங்க, எங்கம்மா இன்னும் சொல்லிக் காட்டறாங்க" என்றார். பேச்சு அதோடு சரி. பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கையால் பையனை அணைத்து, மறு கையால் இருக்கையைப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் துருத்திக்கொண்டு நின்றன.

விமானம் நகர ஆரம்பித்தது. அப்போது 'டக்' என்று ஒரு சத்தம்.

அக்கா, அந்தப் பழைய பயணப்பை பக்கிள் நினைவிருக்கிறதா? விமானத்து பெல்ட்டிலும் அச்சு அசல் அதே பக்கிள். மூடியைத் தூக்கினால் திறக்கும். ஒரு மாதம் தினமும் பயிற்சி கொடுத்தோமே, அது அவனுக்கு அன்றைக்குத்தான் கைவந்தது.

பெரியம்மா மாட்டினார்கள். டக். மறுபடி மாட்டினார்கள். டக். அவனுக்கு ஆனந்தம். மேலே பார்த்துப் பாராட்டுக்காகக் கை தட்டினான். தன் இருக்கையிலிருந்து பணிப்பெண் முறைத்தாள். பெரியம்மா பக்கிளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்கள். அவன் ஒவ்வொரு விரலாகத் தூக்கினான். கடைசி விரலைத் தூக்கும்போது முதல் விரல் திரும்ப வந்துவிடும். விமானம் வேகம் பிடித்து ஓடியது. கை எட்டுமா என்று நீங்கள் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. சின்னவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நடைபாதைக்குக் குறுக்கே நீட்டினேன்.

"கையை எடு. எனக்கு வேலை இருக்கு" என்றார்கள்.

கடைசியில் டாக்டர் தன் கைக்கடிகார வாரை அவன் முன்னால் நீட்டி, "தம்பி, இதைத் தொறக்க முடியுமா உன்னால?" என்றார். அவன் அங்கே தாவினான். பெரியம்மா நிமிர்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "எப்பதான் கிளப்புவான்?"

"பெரியம்மா, கிளம்பி மேலயே வந்தாச்சு."

ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வெளியே முழுக்க மேகம். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்கள்.

அதற்குப் பிறகு அழுகை இல்லாமல் இல்லை. பாதி வழியில் இரண்டும் ஒன்றையொன்று போட்டி போட்டு அழுதன. முன் இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தார். "பல்லு வருது. டாக்டரே பாத்துட்டார்" என்றார்கள் பெரியம்மா. டாக்டர் எழுந்து தலையாட்டினார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர்தான் சின்னவளை வாங்கித் தோளில் போட்டுத் தூங்கவைத்தார்.

கை மரத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? கடைசிப் பகுதி முழுக்க அவன் பெரியம்மாவின் இடது கைமேல் வாயைத் திறந்தபடி தூங்கினான். நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்கள். ஆகவே பதில் இதுதான்: மரத்துப்போனால் மரத்துப்போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

என் கணவர் வெளியே காத்திருந்தார், வேலையிலிருந்து நேராக வந்து. பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளை அந்தரத்தில் தொங்கவிட்டு இம்மி பிசகாமல் இறக்குகிற மனுஷன், ஆறு கிலோப் பிள்ளையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்டார். சின்னவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். இன்ஸ்பெக்டருக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. பெரியம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவர் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவன் மெதுவாக வெளியே வந்து, அவருடைய வேலை உடுப்பின் இடுப்பு வாரைப் பார்த்தான்.

டக்.

அவர் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா அவரிடம் கைக்குட்டையை நீட்டினார்கள்.

நீங்கள் தைத்த துணிக்கு எங்கள் எல்லாருடைய நன்றியும்.

அன்புடன்,
தங்கச்சி

•

ஆகஸ்ட் 2

அன்புள்ள மகளுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ, மாப்பிள்ளை, இன்ஸ்பெக்டர், சின்னவள் எல்லாரும் சுகம்தானே? சின்னவள் தவழ்கிறாளா, அல்லது இன்னும் பின்னோக்கியே நகர்கிறாளா?

உன் அம்மா தடியில்லாமல் நடந்து என்னைப் பார்க்க வந்தாள். இப்போது அவள், அக்கா விமானத்தில் பிறந்து வளர்ந்தவள் என்கிற அளவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது என் பக்கத்தில் இரண்டு இருக்கை காலி. விமானம் கிளம்புவதை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க நேர்ந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. யாரும் என் பெல்ட்டைத் திறக்கவில்லை. நானே ஒருமுறை திறந்து மூடினேன். பணிப்பெண் முறைத்தாள்.

பார்சலுக்குள் தையற்காரி ஒரு சீட்டு வைத்தது எனக்குத் தெரியும். பார்சலைக் கட்டியவள் நான். பிரித்துச் சரிபார்க்காமல் எதையும் நான் அனுப்புவதில்லை. அவளிடம் இதைச் சொல்லாதே. நீ அவளுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலுக்குப் போகுமுன்பே நான் படித்தது தெரியாமல் அவள் அதைத் தையல் மெஷின் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இப்போது ஒரு சந்தேகம். இது தையற்காரியுடையது அல்ல, என்னுடையது.

மூத்தவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இனி அவன் தனி இருக்கையில் கால் மேல் கால் போட்டு வருவான். சின்னவளுக்கு அடுத்த வருடம் நவம்பரில் இரண்டு வயதாகிறது. அதுவரை அவளுக்கு ஒரு மடி வேண்டும். நீங்கள் நால்வரும் வருவதானால், அழைத்துவர நான் அங்கே வருகிறேன். போகும்போது சிரமம்தான், மடி காலியாக இருந்தால் எனக்குப் பறக்கச் சரிப்படவில்லை. வரும்போது அவள் இருப்பாள் என்றால் சமாளித்துக்கொள்வேன். அந்தத் துணியைப் பத்திரமாக வை. அவளுக்கும் பக்கிள் கற்றுக்கொடு.

நான் எப்போது வர வேண்டும்? பதிலைத் தொலைபேசியில் சொல்லாதே. கடிதமாக எழுது.

உன் பெரியம்மா